கோணல் வகிடு

மஸ்கட்

ஏனுங்க, நீங்களும் பாப்பாவும் சௌக்கியமுங்களா? அத்தைக்கு முட்டிவலி தேவலீங்களா?

எழுத்து கோணலா இருக்குதேன்னு பதறாதீங்க. பாத்ரூம்ல வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிப்போச்சு. பயப்பட ஒண்ணுமில்லீங்க. இடது கையில எழுதறேன்.

ரூம்ல கூடத் தங்கியிருக்கற நர்ஸ் சாலிதான் தலை சீவி விடறா. வெடுக்குவெடுக்குன்னு இழுத்ததுல கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. அப்பத்தான் போன ஞாயித்துக்கிழமை நெனப்பு வந்துச்சு. பாப்பாவுக்குச் சடை பின்னி வீடியோ கால்ல காட்டுனீங்க. அத்தை முன்னாலயே, "வகிடு கோணலா இருக்குது, இதுகூட வராதுங்களா"ன்னு கேட்டுப்போட்டேன். நீங்க சீப்பைக் கீழ வெச்சுட்டீங்க.

நான் சிக்கெடுத்தா பாப்பா அழுது ஊரையே கூட்டுவா. உங்ககிட்ட சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு வகிடு மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு.

போன்ல சொன்னா அழுதுபோடுவேன்னுதான், லீவுல போத்தனூருக்குக் கெளம்பற ஜெரோம் அண்ணன்கிட்ட இதைக் குடுத்தனுப்பறேன். அவர் திரும்பறப்ப தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கக் கொஞ்சம் அரப்புத்தூள் குடுத்துவிடுங்க. இனி பாப்பாவுக்குச் சீவறப்ப போனை எதிர்ல வெச்சுடுங்க. நான் வாயே தெறக்க மாட்டேன், பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கறேன்.

அண்ணனை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வாசல்ல வண்டி வந்துருச்சு. வரியெல்லாம் கோணலாத்தான் போயிருக்குது, முழுசும் படிச்சுடுங்க.

உங்க கயல்விழி