ஓட்ட ஆள் இருக்கிறது

என்னங்க என்று கூப்பிட்டே பழகிவிட்ட உங்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா?

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், அதிவேக ரயில் டிரைவர்களுக்கான புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. உங்கள் அம்மா எட்டிப் பார்த்து, இந்த உடுப்புல உன்னப் பாத்தா எனக்கே எந்திரிச்சு நிக்கணும்போல இருக்கு, பெட்டி கட்டிரலாமா என்றார்கள்.

நான் மாற்றலாகி அங்கே வந்ததும் நாம் குடியிருக்க நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் படங்களையும் பார்த்தேன். சமையலறை ஜன்னல் என் உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று நின்று பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷமும் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நேற்றும் என் பாசஞ்சர் வண்டியை ஓரத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிட்டார்கள், அதிவேக வண்டி கடந்து போவதற்காக. தினமும் இதே கதைதான். நிறுத்தி வைப்பதால் தாமதமாகிறது. தாமதமானால் ஆட்கள் பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, கூட்டமில்லாத வண்டி எதற்கு என்று இவர்களே கேட்கிறார்கள். காலைக் கட்டிப்போட்டுவிட்டு இவளுக்கு நடக்கத் தெரியவில்லை என்பது மாதிரி.

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அக்கா ஒருத்தி இறங்கி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். என்ன டிரைவரம்மா, அடுத்த மாசம் நீ அதுல பறப்ப, நாங்க இங்க நின்னு டாட்டா காட்டணுமாக்கும் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மேலதிகாரியிடம் போய், நான் மாறிப் போனபிறகு பாசஞ்சர் என்னாகும் என்று கேட்டேன். ஏற்கெனவே டிரைவர் பத்தல, ஓட்ட ஆள் இல்லைன்னு தற்காலிகமா நிறுத்திருவோம் என்றார். எதுவரைக்கும் என்றேன். தற்காலிகத்துக்கு ஏதும்மா தேதி என்று டீயை உறிஞ்சினார்.

வண்டியை நிறுத்த அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். என் பதவி உயர்வுதான் அந்தச் சாக்கு. இது எனக்கு ஜீரணமாகவில்லை.

வேகம் எனக்கும் பிடிக்கும். அந்த வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயிலின் எதிர்காலமே அதுதான் என்கிறார்கள். ஆனால் நிற்காமல் போகிற வண்டி, பிளாட்பாரத்தில் நிற்பவளுக்கு வெறும் காற்று. சேலைத் தலைப்பைக் கலைத்துவிட்டுப் போய்விடும். அவளை ஏற்றிக்கொள்ளாத எதிர்காலத்துக்கு நான் ஏன் முன்னால் உட்கார்ந்து முகம் காட்ட வேண்டும்?

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். வீட்டுக்காரரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பீர்களோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் லீவு போட்டுவிட்டு ஒருமுறை வாருங்கள். அதிவேக வண்டியிலேயே வாருங்கள், நான் கேலி செய்ய மாட்டேன். ஜங்ஷனில் இறங்கி என் வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். தாமதமானாலும் வந்துவிடுவேன்.

உங்கள் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. நாளை காலை டூட்டிக்குப் போனதும், பதவி உயர்வு வேண்டாம், பாசஞ்சரிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். நிறுத்த வேண்டுமானால் வேறு சாக்கு தேடிக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள்,
டிரைவரம்மா