ஈவாவுக்குப் போகிற பால்

ஜனவரி 8, புதன்

காலையில் மைனஸ் முப்பத்திரண்டு. ராத்திரி முழுக்க எஞ்சின் சூடாக்கும் கம்பியைச் சொருகி வைத்திருந்தும் செவலை மூன்றாவது தடவைதான் உயிர் பிடித்தது. முதல் இரண்டு தடவையும் முனகலோடு சரி. பழுப்பு நிறக் கார் என்பதால் பிள்ளைகள் மாட்டுக்கு வைப்பது போல வைத்த பெயர். இப்போது துருவும் அதே நிறம்; எது பெயின்ட், எது துரு என்று எனக்கே தெரிவதில்லை. நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாகிவிட்டது. நின்ற இடத்திலேயே டயர் தட்டையாக உறைந்துவிடுகிறது. கால்வாய்ப் பாலம் வரை தடக் தடக் என்று சதுரச் சக்கரம் மாதிரி ஓடியது.

பால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. பேத்தி ஈவா கண் திறக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

போனேன். வந்தேன். கர்த்தருக்கு நன்றி.

ஜனவரி 10, வெள்ளி

இன்று நர்ஸ் என்னை நிறுத்தி வைத்துப் பேசினாள். “இவ வயிறு வேற பாலத் தாங்கலம்மா. ரெண்டு தடவை குடுத்துப் பாத்தோம், உப்பிடுச்சு. அம்மா பால் வந்தாத்தான் இவளுக்குச் சாப்பாடு. இல்லேன்னா ஊசி வழியா குளுக்கோஸ்தான்.”

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள் என் பேத்தி. மருமகள் கிரீட்டாவுக்குப் பிரசவ ஆபரேஷன் தையல் பழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். வீட்டில் மூன்று சிறுசுகள் வேறு. மகன் இசாக் விடியுமுன் மாட்டு லாரியோடு கிளம்பினால் எந்த ஊரில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கிரீட்டாவுக்குச் சுரப்பதும் அன்றன்றைக்குத்தான் காணும், எடுத்து வைக்க மிச்சமில்லை. எங்கள் ஊர் டேபரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி லெத்பிரிட்ஜ் ஆஸ்பத்திரிக்குத் தினமும் அந்தப் பாட்டில்கள் போயாக வேண்டும். மிச்சம் இருப்பது நானும் செவலையும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், தேதி, பால் எடுத்த நேரம் எல்லாம் நான்தான் எழுதி ஒட்டுகிறேன். “அச்சடிச்ச மாதிரி எழுதறீங்களே” என்று நர்ஸ் கேட்டாள். மெக்சிகோவில் எங்கள் சபையாரின் காலனிப் பள்ளியில் ஐந்தாவது வரைதான். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தேன் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து, மத்தியானக் காபிக்கு நொய்டார்ஃப் வீட்டில் கூடினோம். ரொட்டி, சீஸ், பிளம் ஜாம். பத்துப் பெண்கள் இருக்கும்போது வீட்டுக்காரி ஜஸ்டினா நொய்டார்ஃப் கேட்கிறாள்: “லீனா, எதுக்குடி இந்தப் பாடு? என் வேன்ல ஏறிக்கோ. உன்னோடது காரா அது? சக்கரம் வெச்ச சவப்பெட்டி.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அந்தச் சவப்பெட்டி தினம் ஊர் போய்ச் சேருது ஜஸ்டினா. உன் வேன் கடைத்தெருவத் தாண்டி எங்க போயிருக்கு?” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் முதல் சிரிப்புதான் பெரிது.

காலனியில் பெண்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இங்கே வந்து, அவர் போன பிறகு, ஐம்பத்தொரு வயதில் லைசன்ஸ் எடுத்தேன். ஒரே தடவையில் பாஸ். ஜஸ்டினா மூன்று தடவை போனாள். அதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 15, புதன்

பாதி வழி போயும் எஞ்சின் சூடேறவில்லை. ஹீட்டரில் வருவது பச்சைக் குளிர்காற்று. கண்ணாடிக்கு உள்பக்கமே பனி. ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன். திரும்பி வந்ததும் வாழைப்பழப் பெட்டியின் அட்டையை வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் சொருகினேன். குளிர்காற்று முகத்தில் அடிக்காமல் இருந்தால்தான் எஞ்சினுக்குச் சூடு நிற்கும். இங்கே எல்லாரும் செய்வதுதான்.

பால் பெட்டியில் ஐஸ் பொட்டலம் வைக்கச் சொல்லியிருந்தார்கள். இந்தக் குளிரில் ஐஸுக்கு ஐஸா? எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். பின்சீட்டுக் காலடியில் வைத்தால் உறையாமலும் சூடாகாமலும் அழகாக வந்து சேர்கிறது.

ஜனவரி 18, சனி

தங்கை மகன் ஆபிராம் வந்து வண்டியைப் பார்த்தான். மாட்டுப் பண்ணை டிராக்டர்களை எல்லாம் அவன்தான் பழுது பார்க்கிறான். “பெரியம்மா, ரேடியேட்டர் தண்ணி எங்கயோ கசியுது. உள்ள இனிப்பு வாசனை அடிக்கலையா?” அடிக்கிறதுதான். பேத்திகள் சிந்திய மிட்டாய் என்று நினைத்திருந்தேன். “தினமும் மூடியத் திறந்து பாத்து ஊத்துங்க. எஞ்சின் சூடா இருக்கறப்போ மட்டும் திறந்துடாதீங்க, மூஞ்சி வெந்துடும்.”

பேட்டரியைக் கழற்றி ராத்திரி சமையலறையில் வைக்கச் சொன்னான். வைத்தேன். கிரீட்டா பார்த்துவிட்டு, “அத்தை, ரொட்டி பிசையற மேசைலயா?” என்றாள். ஈவா பிறந்த பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது இன்றைக்குத்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. காற்று. வயலில் இருந்த பனியெல்லாம் ரோட்டில் பாய்கிறது. கோடு தெரியவில்லை, ஓரம் தெரியவில்லை, வானம் எது தரை எது— ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போன லாரியின் இரண்டு சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். அவன் பள்ளத்தில் இறங்கினால் நானும் பின்னாலேயே இறங்குவேன் என்று அப்போதுதான் உறைத்தது. பீட்ரூட் குவித்து வைத்திருக்கும் இடத்தில் பிரேக் போட்டேன். செவலை கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. பெட்டி உருண்டது. மூடிகள் திறக்கவில்லை.

கிரீட்டாவிடம், “ரோடு கொஞ்சம் மோசம்” என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

பம்பரில் ஒட்டியிருந்த பனியை இசாக் பார்த்துவிட்டான்.

“அம்மா, ஜஸ்டினா பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்.”

“உங்க வீம்புக்கு என் பொண்ணு பட்டினி கிடக்கணுமா?”

வெளியே போய் ஆயில் பார்த்தேன். அளவு பார்க்கும் குச்சியை வெளியே இழுக்கவே முடியவில்லை, ஆயில் தேன் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நான் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறான். இதுவரை ஒரு நாளாவது பால் போகாமல் இருந்ததா? இருந்ததா?

ஜனவரி 26, ஞாயிறு

காபிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈவா என் விரலைப் பிடித்தாள்.

ஜனவரி 29, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிளம்பும்போது மைனஸ் இருபது. மேற்கே மலைப்பக்கம் மேகம் வளைவு கட்டியிருந்தது. அப்படிக் கட்டினால் சினூக் என்கிற வெப்பக்காற்று வரும் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பார்க்கவும் பார்த்தேன். ஆனால் மனம் முழுக்க ரேடியேட்டர் மூடி உறைந்து திறக்காததிலேயே இருந்தது. சரி, வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பார்ன்வெல் தாண்டியதும் காற்று வந்தது. அடுப்பைத் திறந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் ரோடெல்லாம் தண்ணீர். எதிரே வந்த ஒருவன் ஜன்னலை இறக்கி, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். நானும் கோட்டைக் கழற்றினேன். நல்ல நாள் என்றுகூட நினைத்தேன்.

எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் போனேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே? வெயில் வந்துவிட்டால் எங்கள் சனம் எல்லாம் கடைகண்ணிக்கு லெத்பிரிட்ஜ் கிளம்பிவிடும். தெரிந்த வண்டிகளாக வந்துகொண்டிருந்தன. அவர்கள் கண்முன்னால் பானெட்டைத் திறந்துவைத்து நிற்பதா? மாட்டேன். முள் சிவப்புக்குள் போனது. கோல்டேலுக்கு முன்னால், தானியக் கிடங்கு பக்கத்தில், டப் என்று ஒரு சத்தம். பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை.

இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினேன். அட்டை. முப்பது டிகிரிக் குளிருக்கு நான் சொருகிய அட்டை, அசையாத காவல்காரன் மாதிரி அங்கேயே—

இல்லை, சிரிப்பதற்கு இல்லை. தண்ணீர் கசிகிற வண்டி, வெயில் காற்று, அதன் மூக்கைப் பொத்தி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்கிறேன். என் கையால்.

அப்புறம்தான் பால் நினைவுக்கு வந்தது. ஐஸ் பொட்டலம் வீட்டில். பெட்டியைத் திறந்தால் உள்ளே சில்லென்று இல்லை. பள்ளத்தில் இறங்கி, மேலே நீர் விட்டிருந்த பனியைக் காலால் உடைத்து, அடியில் காய்ந்த பனியைக் கையால் தோண்டித் தோண்டிப் பெட்டியை நிரப்பினேன். கையுறை வண்டியிலேயே இருந்தது. விரல் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

இசாக்குக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆபிராம் எடுக்கவில்லை. இப்போது பார்த்துத் தெரிந்த வண்டி ஒன்றையும் காணோம்; கடந்து போன வண்டிகளுக்குக் கை காட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. என் போனில் இருக்கும் மிச்ச எண் ஜஸ்டினாவுடையது ஒன்றுதான். அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பெட்டிக்குள் பனி உருகிக்கொண்டிருந்தது.

“யாரு?”

“நான்தான். லீனா.”

“தெரியுது. சொல்லு.”

“வண்டி நின்னுடுச்சு. பால் இருக்கு.”

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். “எங்க நிக்கற?” என்றாள். சொன்னேன். “ரோட்ட விட்டுத் தள்ளி நில்லு. அடுப்ப அணைச்சுட்டு வரேன்.”

மாவுக் கையோடு, ஏப்ரனோடு, வீட்டுச் செருப்போடு வந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேனில் ஏறினேன். பிறகு,

“என்கிட்ட கேக்க உனக்கு வண்டி வெடிக்கணுமாடி?”

“வெடிக்கல. பொகைஞ்சுது.”

“அதான பாத்தேன். இன்னும் உயிரோடதான் இருக்க.”

நர்ஸ் ஒவ்வொரு பாட்டிலாகச் சூடு பார்த்தாள். பனிக்குள் இருந்ததெல்லாம் தப்பியது. மேலாக இருந்த ஒரு பாட்டிலை மட்டும், “இது வேண்டாம்மா” என்று தொட்டியில் ஊற்றினாள். விடியற்காலையில் கிரீட்டா எடுத்தது, என் கையெழுத்தோடு. அது தொட்டி ஓட்டைக்குள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈவாவுக்கு இன்று ஒரு வேளை குளுக்கோஸ்தான்.

ஜனவரி 30, வியாழன்

கிரீட்டாவிடம் எல்லாம் சொன்னேன். முள்ளைப் பார்த்தும் நிறுத்தாததையும் சொன்னேன். பால் எடுக்கும் மிஷினைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அழுதா பால் கொறையும்னு நர்ஸ் சொல்லியிருக்கா அத்தை. அதனால அழலை,” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஜஸ்டினா பெரியம்மா எத்தனை மணிக்கு வராங்க?”

தினமும் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றேன். ஐஸ் பொட்டலத்தை நானே எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

ஆபிராம் செவலையை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தான். ஆயில் குச்சியை இழுத்துக் காட்டினான். பால் காபி நிறம். “ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு பெரியம்மா. எஞ்சின் தலையே வளைஞ்சிருக்கும். இது பொழைக்காது.” எனக்கும் தெரிந்ததுதான். உள்ளே கிடந்த போர்வையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டேன். வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடி மைனஸ் முப்பது. ஜஸ்டினா வரவில்லை. எட்டே கால், எட்டரை. நடந்தே போய்ப் பார்த்தால், புது வேனுக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “புது வண்டிக்கு எதுக்குடி சூட்டுக் கம்பின்னு ராத்திரி சொருகல” என்கிறாள். மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொண்டுவந்து எஞ்சினுக்கு அடியில் வைத்தேன். பத்து மணிக்கு உயிர் வந்தது. மத்தியான வேளைக்குள் பால் போய்விட்டது. வழியெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலை என் பக்கம் துப்பிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஈவா வாயால் உறிஞ்சினாள். கொஞ்சம்தான். பால் போகிற மூக்குக் குழாய் இன்னும் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

கிரீட்டா இப்போது எங்களோடு வருகிறாள். ஈவாவை நெஞ்சில் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்கிப்போனாள். இரண்டு பேரையும் எழுப்ப வேண்டாம் என்று நர்ஸ் சைகை காட்டினாள்.

மார்ச் 10, திங்கள்

ஜஸ்டினாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் மூடி. வாசலில் நின்று சாவியை நீட்டினாள். “ஒரே தடவையில பாஸ் பண்ணினவ நீதான? ஓட்டு.” அது அவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 14, வெள்ளி

ஈவாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேனை நான் ஓட்டினேன். பின்னால் கிரீட்டாவும் ஈவாவும். பக்கத்தில் ஜஸ்டினா, ஒற்றைக் கண்ணோடு. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாள். “மெதுவா! லாரி! லாரி பாரு!” “பாத்துட்டேன்டி.” “நான் பாக்கலையே!” ஈவா அழத் தொடங்கியதும்தான் வாயை மூடினாள்.

வீட்டில் குழந்தைகள் வாசலிலேயே நின்றார்கள். இசாக் இன்று லாரிக்குப் போகவில்லை. கூடையோடு ஈவாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்து என் கோட்டை வாங்கி மாட்டினான்.

வேன் எங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கிறது. திங்கட்கிழமை ஜஸ்டினாவுக்கு மறுபடி கண் டாக்டர். எட்டு மணிக்கு வா என்றாள். ஏழே முக்காலுக்கே போய் ஹாரன் அடிக்கப்போகிறேன்.