நிறம் போன படம்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்புள்ள செழியனுக்கு,

கவிநிலா எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். டப்ளின் குளிர் உனக்குப் பழகியிருக்கும். நேற்று கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் செங்கம் ரோடு முழுக்க நடந்தே வந்தேன். உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

மருத்துவமனை வேலைக்கு நீ வரைந்த குறியீடுகளை மறந்திருக்க மாட்டாய். ஆய்வகம், வார்டு, மருந்தகம் மூன்றின் மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் விதத்தைக் காட்டும் படம். போய்ச்சேராத தகவல் தங்கும் இடத்துக்கு மூடி போட்ட கூடை, நகல் சேரும் இடத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தாள். நிறமே இல்லாவிட்டாலும் புரிய வேண்டும் என்றாய். நம் முதலாளி சக்கரபாணி சாருக்கு அது பள்ளிக்கூடப் படமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டமாக்கி, பெயரையும் இரண்டெழுத்தாகச் சுருக்கி, நிறத்தால் மட்டும் வேறுபடுத்தினார். அந்தச் சண்டையில்தான் நீ வேலையை விட்டாய்.

மருத்துவமனையில் அதைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பலராமன் அண்ணன், போன மாதம் சர்வரில் இடம் போதவில்லை என்று நகல்களை அழிக்கப் போனார். அழிந்தது போய்ச்சேராத தகவல்கள். அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்த கவியா என்ற கர்ப்பிணியின் ரத்தச் சோதனை முடிவும் அதில் இருந்தது. வார்டில் முடிவுக்காகக் காத்திருந்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கவியா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. முடிவு நேரத்தோடு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் போய்ப் பார்த்தேன். "ரெண்டு கட்டமும் ஒரே மாதிரிதான் இருந்துச்சும்மா. தெரிஞ்சிருந்தா கை வெச்சிருப்பேனா?" என்றார்.

நீ சொன்னதுதான் சரி என்று ஒருநாள் உனக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். இப்படி எழுத நேரும் என்று நினைக்கவில்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். படத்தைப் பற்றிப் பேச்செடுக்காதே என்று சார் சொல்லியனுப்பினார். நான் சுவரிலிருந்த அந்தத் தாளையே உரித்துக்கொண்டு போனேன். விசாரித்த டாக்டர் ரேணுகாம்பாளிடம் கொடுத்து, இதில் நகல் எது, போய்ச்சேராதது எது என்று காட்டச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சார் என்னை இனி வர வேண்டாம் என்றுவிட்டார், அது போகட்டும். அண்ணன்தான் வேலைக்குப் போகமாட்டேன் என்கிறார். கவியா வீட்டுத் தெரு வரை போய், உள்ளே போகாமலே திரும்பி வந்தாராம். அவர் மனைவி சொல்லி அழுதார்.

உன் குறியீடுகளை மருத்துவமனையில் கேட்கிறார்கள். மனமிருந்தால் அனுப்பு. அதற்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு போன் செய். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, உன்னிடம் பேசுவார். வேலையைப் பற்றி எதுவும் வேண்டாம், செழியா. சாப்பிட்டீங்களா அண்ணா என்று மட்டும் கேள்.

அண்ணாமலையார் அந்த இரண்டு வீட்டுக்கும் துணையிருக்கட்டும்.

உன் தோழி,
கவிநிலா