பத்து மாதத்துக்குப் போனவள்

1980 பெப்ரவரி 9

தந்தி வந்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வானியற்பியல் ஆய்வுப் புலமைப்பரிசில். ஏப்ரலில் தொடங்கும். பத்து மாதம், தற்காலிகம். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை அளக்கும் வேலை. பேராதனையில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் எங்களில் எனக்கு மட்டும்! கையிலிருந்த நீலக்கரை எனாமல் பேணி நழுவித் தேநீரெல்லாம் பாவாடையில். சின்ன வயதிலிருந்து நான் குடிக்கும் பேணி, விளிம்பில் இன்னொரு பொட்டுப் பெயர்ந்துவிட்டது.

வாப்பா கேட்டார்: "பத்து மாசம் முடிஞ்சா?"

"திரும்பி வரணும் வாப்பா."

"அப்ப அது உத்தியோகம் இல்லையே மகள்."

பெப்ரவரி 11

உம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "காவின் எழுதிக் கலியாணத்த முடிச்சுப்போட்டுப் போ புள்ள. குமர்ப் புள்ளையத் தனியா கடல் தாண்ட விடமாட்டன்." மாப்பிள்ளை நற்பிட்டிமுனையில் கணக்குப் படிப்பிக்கும் மசூராம். ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

இது பொறி. எனக்குத் தெரியாதா? இந்த வீடு எனக்கென்று கட்டியது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவர் பெட்டியோடு உள்ளே வந்தபின் நான் எப்படிப் பெட்டியோடு வெளியே போவது?

பெப்ரவரி 14

ஓம், சம்மதம் என்றேன். நானா சொன்னேன்?

மார்ச் 20

காவின் முடிந்து மசூர் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். கெஞ்சுவதற்கு வசனமெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். அவர் வாய் திறந்து முதலில் கேட்டதே, "எப்ப பயணம்?" என்றுதான். "படிப்ப விட்டுராதீங்க. உம்மா வாப்பாவ நான் பாத்துக்குவன்."

யா அல்லாஹ், சண்டைக்கு ஆளே இல்லையே!

அக்டோபர் 12

இங்கிலாந்தில் விடாத மழை. உம்மாவின் கடிதம் முழுக்க மசூர். மசூர் கிணற்றைக் கலக்கி இறைத்தாராம். மசூருக்குச் சோற்றோடு மீன் ஆணம் பிடிக்குமாம். நான் சாப்பிட்டேனா என்பது கடைசி வரியில்.

டிசம்பர் 3

இன்னும் ஒரு வருடம் நீட்டித் தரலாம் என்கிறார் பேராசிரியர். பெப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எழுதினேன். வேண்டாம், வா என்று யாராவது எழுதட்டும்.

டிசம்பர் 29

மசூரின் பதில்: "நல்ல விஷயம். இருந்து முடிச்சிட்டு வாங்க. இஞ்ச ஒரு குறையும் இல்ல."

ஒரு குறையும் இல்லையா? அப்போ நான்?

விடமாட்டார்கள் என்றுதானே பயந்தேன். இப்படி விட்டுவிடுவார்கள் என்று யார் கண்டது! இன்று ஒரு நட்சத்திரத்தையும் அளக்கவில்லை.

1981 பெப்ரவரி 17

பத்து மாதம் முடிந்து, சொல்லாமல் ஊரில் வந்து இறங்கினேன். வாசற்கடப்பைத் திறந்தது மசூர். "வாங்க ஹாஜறா, இரிங்க" என்றார். என் வீட்டில், என்னிடம்!

உம்மா கட்டிப்பிடித்து அழுதார். பிறகு அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். ஒரு மிடறோடு வைத்துவிட்டேன். என் பேணியைத் தேடிக் குசினி அடுப்படிக்குப் போனேன். அங்கே இல்லை. கிணற்றுக்கட்டில் இருந்தது. அதற்குள் மசூரின் சவர பிரஷ்.

 

பெப்ரவரி 24

வருகிறேன் என்று பேராசிரியருக்கு நேற்றுத் தந்தி அடித்துவிட்டேன். பெட்டி அடுக்கும்போது மசூர் வந்தார். பேணியைச் சாம்பல் போட்டு மினுக்கிக் கொண்டுவந்திருந்தார். நீட்டியபடி நிலத்தைப் பார்த்துக் கேட்டார்: "போகத்தான் வேணுமா?"

வாங்கிச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இந்த ஒரு வரியை டிசம்பரில் எழுதியிருக்கக் கூடாதா?