முன் சக்கரத்தில் சங்கிலி

புரட்டாசி, செவ்வாய் இரவு.

மாகறல் வயலில் நெல் மூட்டைகளோடு நான் ஓட்டிய பிக்கப் வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி, டயர் சேற்றில் வழுக்காமலிருக்கப் புதிதாக வாங்கிய சங்கிலியை முன் டயர்களில் மாட்டச் சொன்னார்.

"பின்சக்கரம்தான் சார் வண்டிய தள்ளுது. அதுலதான் மாட்டணும்."

"இன்னாடா, எனக்கே சொல்லித் தர்றியா? முன்னாடி போறது முன்சக்கரம்தானே?"

மாட்டினேன். பின்சக்கரங்கள் சுழன்று இன்னும் புதைந்தன. குடைக்குள் நின்றுகொண்டு என்னைத் திட்டினார், அந்த அறிவாளி. அவர் டீ குடிக்கப் போனதும் பலகைமேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, சங்கிலியைப் பின்னால் மாற்றி இறுக்கினேன். வண்டி உடனே ஏறிவிட்டது. நெல் நனையவில்லை.

திரும்பி வந்தவர், மூட்டை தூக்கிய பெண்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா? நான் சொன்னா மாரி மாட்னான், ஏறிகிச்சி."

எல்லாவற்றையும் பார்த்திருந்த அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் மடையர், சரி. நான் யார்?