வாகையூர்க் காற்றுமாடம் திறந்ததும் அரசியாரை அனுப்பிவைக்க வேண்டியதும் குறித்து மைத்துனருக்கு விடுத்த ஓலை

நலமே விளைக. மழை வேண்டிய அளவில் பெய்க. பெய்த நீர் ஏரியில் நிற்க. நின்ற நீர் வயல் அறிந்து பாய்க. செம்மணல் நாட்டின் ஏழு கோட்டைகளுக்கும் உடையவரும், யாளிக்கொடி உயர்த்தியவரும், பகைவரின் முதுகையன்றி முகத்தைக் கண்டறியாதவருமாகிய கோ நெடுவாகையர், வாகையூர் அரண்மனையின் மேல்தளத்தில் வீற்றிருந்து, முகில்மலை நாடாளும் எம் மைத்துனர் சாத்தன் குன்றேந்தியாருக்கு விடுக்கும் ஓலை. உம் மலையும் உம் தேனும் உம் குடிகளும் வாழ்க. உம் அரண்மனையும் வாழ்க என்று எழுதத்தான் மனம் வரவில்லை. வழக்கம் கருதி அதையும் எழுதச் சொன்னோம்.

எம் கோப்பெருந்தேவியும் உம் தமக்கையாருமான ஆதிரைநங்கையார், பங்குனி வெயிலில் எம் அரண்மனை உலைக்களம் போல் கொதிப்பதாகக் கூறி, முதல் மழை விழுந்ததும் மீள்வதாக வாக்களித்து, உம் மலைக்கு எழுந்தருளினார். முதல் மழை விழுந்தது. அடைமழையும் பெய்து ஓய்ந்து, இப்போது கார்த்திகைப் பனியும் இறங்கத் தொடங்கிவிட்டது. அரசியார் மீளவில்லை. அழைத்துவரச் சென்ற எம் தூதர் நக்கன் சேந்தனார் வெறும் பல்லக்கோடு திரும்பினார். உம் அரண்மனைப் பள்ளியறையில் தரைக்கடியே குளிர்காயும் கணப்படுப்பின் வெம்மை ஓடுவதாகவும், அத்தரையில் கால் வைத்தவருக்கு எழுந்து வர மனம் வராது என்று அரசியார் அருளியதாகவும் விண்ணப்பித்தார். விண்ணப்பிக்கும்போது அவர் முகத்திலேயே ஓர் ஏக்கம் தெரிந்தது. நீரும் அத்தரையில் கால் வைத்தீரோ என்று வினவினோம். வைத்தாராம்.

ஒளிப்பானேன்? எமக்கு வயிறு எரிகிறது. உம் நாட்டை எம் குதிரைகள் ஒரு பகலில் சுற்றி வந்துவிடும். உம் படையை எம் பாகசாலையில் அமர்த்தி ஒரே பந்தியில் உணவளித்துவிடலாம். ஆயினும் எம் மனைவியார் உறங்குவது உம் கூரையின்கீழ். மணம் முடித்த நாள்தொட்டு எம் இலையில் சோறு விழும்போதெல்லாம் உம் புகைப்போக்கியின் புகழும் சேர்ந்தே விழுந்தது. பருவம் மாறும் வேளையில் தம் தம்பியார் தாமே வேட்டியை வரிந்துகட்டிக் கூரை ஏறுவதையும், புகைப்போக்கியில் தோள்வரை கைவிட்டுக் கரி வழிப்பதையும், கோடை பிறக்குமுன் நீர்க்கால்களின் பாசியைச் சுரண்டித் தட்டிகளில் புது வெட்டிவேர் வைத்துத் தைப்பதையும், இறங்கி வருகையில் பல் மட்டுமே வெள்ளையாகத் தெரிவதையும் அரசியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எம் போர் வெற்றி எதையும் கேட்டு அவர் அப்படிச் சிரித்ததில்லை. இது அரசன் செய்யும் வேலையோ என்று ஒருமுறை கேட்டோம். அன்று அவன் அரசன் இல்லை, வீட்டுக்காரன் என்று மறுமொழி வந்தது. அந்தச் சொல் இன்றுவரை எம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

எம்மிடம் இல்லாதது உம்மிடம் என்ன இருக்கிறது? எம் பாட்டனார் கட்டுவித்த காற்றுமாடம் எம் கூரையின்மேல் ஓங்கி நிற்கிறது. மேல்காற்று அதன் வாயில் புகுந்து இறங்கி, நனைந்த தட்டிகளைக் கடந்து, அறைதோறும் குளிர்ச்சி பரப்ப வேண்டும். பனிக்காலத்தில் கணப்பின் புகை மற்றொரு குழல்வழி ஏறி அதே மாடத்தால் வெளியேற வேண்டும். இவற்றைப் பருவந்தோறும் பேணுவதற்கென்றே பருவ அதிகாரி கூத்தன் மழவராயர் இருக்கிறார். எண்ணெயும் ஏணியும் ஏவலரும் குறைவின்றி அளித்திருக்கிறோம். இருந்தும் எம் அரண்மனை கோடையில் வேகிறது, பனியில் புகைகிறது. ஆகவே நீர் ஏதோ ஒரு சூட்சுமத்தை எம்மிடமிருந்து மறைக்கிறீர் என்று முடிவு கட்டினோம். ஆவணியில் உம் நாட்டில் தேன் வாங்க வந்த வணிகர் எம் ஒற்றர் என்பதை நீர் அறிந்திருப்பீர். அந்த மூடர் உண்மையாகவே தேனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தூதர் திரும்பிய மறுநாள் எமக்குப் பொறுக்கவில்லை. மலைநாட்டுச் சிற்றரசர் ஏறும் ஏணியில் ஏழு கோட்டைக்கு உடையவர் ஏற மாட்டாரோ என்று, பட்டாடையைக் களைந்து வேட்டியை வரிந்துகட்டி, ஏணியில் கால் வைத்தோம். அமைச்சர்கள் கையைப் பிசைந்தார்கள். மழவராயர் எம் காலைப் பற்றிக்கொண்டு, மேலே யாவும் செம்மையாக உள்ளன, தேவரீர் திருமேனி வருந்தலாகாது என்று மன்றாடினார். அவர் மன்றாட மன்றாட எமக்கு ஐயம் மிகுந்தது. உதறிவிட்டு ஏறினோம். மாடத்தின் கதவுகள் பளபளவென்று துலக்கப்பட்டிருந்தன. கீல்களில் புதிய எண்ணெய் வழிந்தது. சந்தனம் பூசி, மாலையும் சாத்தியிருந்தார்கள். ஆனால் கதவுகள் மூடியிருந்தன. இரு கதவும் கூடுமிடத்தில் உள்ளங்கை அகல அரக்கில் எம் யாளி இலச்சினை பதிந்திருந்தது.

எம் நாட்டின் முறையை நீர் அறிவீர். இலச்சினை இருக்குமிடத்தில் அரசரே இருப்பதாகக் கொள்வார்கள். அதை உடைக்கும் கை, அரசரின் கையன்றி வேறாயின், வெட்டப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எம் வெற்றி விருந்தின்போது புழுதிக்காற்று எழுந்து பந்தியில் மண் விழவே, மாடத்தை அடைத்து இலச்சினையிடுக, எம் ஆணையின்றி எவரும் திறவற்க என்று நாம் மொழிந்ததாக மழவராயர் நினைவூட்டினார். மொழிந்திருப்போம். புழுதி அன்று மாலையே அடங்கியது. ஆணை அடங்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும் பறை முழங்க ஏவலர்கள் ஏறி, இலச்சினையை வணங்கி, மூடிய கதவின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெயிட்டு, மாலை சாத்தி இறங்கியிருக்கிறார்கள். காற்று புகாத அறைகளில் புது வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்து நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட எம்மிடம் வாய் திறந்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவையில் கேட்டோம். அரண்மனை கொதிக்க வேண்டும் என்பதே திருவுள்ளம் என்று எண்ணியதாக மழவராயர் உரைத்தார். வெம்மை வீரத்துக்கு உகந்தது என்று தாம் அப்போதே வியந்ததாக முதலமைச்சர் உரைத்தார். வேர்வையில் நனைந்த எம் மார்பைப் பனி படர்ந்த மலை என்று பாடிப் பரிசில் பெற்ற புலவர் தலை குனிந்துகொண்டார். அந்த அவை முழுவதையும் உம் கணப்பில் போட்டால் தகும் என்று தோன்றியது. நாம் பிழை செய்தோம் என்று இவ்வோலையில் எங்கும் எழுதப்படவில்லை. இதை வாசிப்பவர் குரலிலும் அப்படி ஓர் ஒலி கேட்கலாகாது.

இலச்சினையை எம் கையாலேயே உடைத்தோம். கதவு திறந்ததும், அடைக்குமுன் கட்டப்பட்ட புறாக் கூடுகளும் கரிக்கட்டியும் சரிந்து எம் தலைமேல் விழுந்தன. காற்றுவழியையும் புகைக்குழலையும் தோள்வரை கைவிட்டு நாமே வழித்தோம். எவரையும் தொட விடவில்லை. இறங்கியபோது எம் பல்லும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை. எல்லோரும் நிலம் நோக்கி நின்றார்கள்.

அன்று பிற்பகல், பனிக்காலத்திலும் குறையாத எம் நாட்டு வெயிலில், அரசியார் அறைக்குச் சென்றோம். மாடத்தின் வழியே காற்று இறங்கி வந்து, ஈரத் தட்டியைக் கடந்து, அவர் விட்டுச் சென்ற நீல மேலாடையைக் கொடியில் அசைத்தது. வெட்டிவேர் மணத்தது. ஏவற்பெண்டிர் இருவர் ஓடிவந்து, எத்தனை குளிர்ச்சி என்று கண்மூடி நின்றார்கள். அரசியார் அனுபவிக்குமுன் அந்தக் காற்றை அவர்கள் அனுபவிப்பது பொறுக்காமல் வெளியேற்றிவிட்டோம். பிறகு நாம் அங்கே நிற்பதும் எமக்கே பொறுக்கவில்லை. அவ்வறை இப்போது ஆளின்றிக் குளிர்ந்து கிடக்கிறது.

இத்தனை ஆண்டில் அரண்மனை கொதிக்கிறது என்று எம் முகத்துக்கு நேரே சொன்னவர் அரசியார் ஒருவரே. சித்திரைதோறும் சொன்னார். புகைக்கு இருமிக்கொண்டே மார்கழிதோறும் சொன்னார். மலைநாட்டுப் பெண்ணுக்கு எல்லாம் குறைதான் என்று நகைத்துவிட்டு நாம் வேட்டைக்குப் போனோம். கடைசியாகச் சொன்ன பங்குனியில் அவர் நகைக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. பல்லக்கைக் கொண்டுவரச் சொன்னார். இன்று எம் அவையில் குறை சொல்ல ஆளில்லை. உமக்கோ அரசியார் நாளெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருப்பார்; கணப்பில் விறகு அதிகம் என்பார், சன்னலைச் சாத்து என்பார். உம் தரையின் வெம்மையை நீரே வைத்துக்கொள்ளும். அந்தக் குறைகள் எமக்குரியவை. அவற்றை நீர் கேட்டுக்கொண்டிருப்பதை நினைக்கும்போதுதான் எமக்குத் தூக்கம் கெடுகிறது.

ஆதலின் இவ்வோலை கண்ட அளவில், கோப்பெருந்தேவியாரை மலையடிவாரம் வரை உம் காவலோடு அனுப்பிவைப்பீராக. அங்கே நாமே எதிர்கொள்வோம். எம் பள்ளியறைத் தரையை அகழ்ந்து வெம்மைக்குழல் இட உம் கொத்தரையும் உடன் அனுப்புவீராக. தாமதம் செய்தால் படையோடு வருவோம். படைக்கும் அத்தரையில் இடம் ஒதுக்க நேரும்.

எம் திருவாய்மொழிப்படி எழுதினவன் ஓலைநாயகம் அரங்கன் தேவன். யாளி இலச்சினை இட்டு விடுத்தது.

மைத்துனரே, உமக்கு இது ஆணை. உம் தமக்கையாருக்கு இது ஆணையன்று, வேண்டுகோள்; வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிடாதீர்.