ஊற்றுக்கு ஓட்டாத ஒட்டகங்கள்

அன்பு மகள் தும்மேவுக்கு அப்பா எழுதறது. நான் நடமாடிக்கிட்டு இருக்கேன், டொராண்டோ பனியில நீயும் சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். ஒட்டகங்களைத்தான் நீ முதல்ல கேப்பே, மறைக்காம சொல்லிடறேன். மழை முடிஞ்சதும் பொலிக்கு விட உன் மாமா கல்கல்லோவோட ஆண் ஒட்டகத்தை ஃபொரோலேயில இருந்து இரவல் வாங்கிட்டு வந்தேன். புதுசா வர்றதைக் கொஞ்ச நாள் தனியா கட்டுங்கப்பான்னு நீ போன்ல சொன்னே, இதென்ன சம்பந்தம் பேச வந்த ஆளா வாசல்ல நிறுத்தி வைக்கன்னு நான் சிரிச்சேன். பன்னிரண்டாம் நாள் ஒரு குட்டிக்கு உதட்டுல கொப்புளம், அப்புறம் கண்ணு மூடற அளவுக்கு வீக்கம், அதுக்குப் பால் கொடுத்த தாயோட மடியிலயும் புண். ஒட்டக அம்மைதான்.

கல்கல்லோகிட்ட ஆள் அனுப்பிக் கேட்டா, எங்க மந்தைக்கும் போன மாசம் வந்துச்சு மச்சான், பிழைச்சதுக்குத் திரும்ப வராது, இருட்டினதும் சத்தமில்லாம கலாச்சா ஊத்துக்கு ஓட்டிட்டுப் போங்கன்னு பதில் வந்துச்சு. அங்கே நாற்பது மந்தை ஒரே தொட்டியில வாய் வைக்குது, எல்லார்கிட்டயும் இந்த வருஷத்துக் குட்டிங்க. எனக்கு மனசு வரலை. உன் அம்மாவையும் பிள்ளைகளையும் ஊர்ல விட்டுட்டு, மழைத்தண்ணி தேங்கின கருங்கல் மேட்டுக்கு மந்தையோட தனியா போயிட்டேன். அம்மா வாரம் ஒரு தடவை தேயிலையும் சர்க்கரையும் தூரத்துல ஒரு கல்லு மேல வச்சுட்டு, கிழவா உயிரோட இருக்கியான்னு கத்துவா, நான் பதில் சொல்றது காத்துல அவளுக்குக் கேக்காது, துணியை ஆட்டிக் காட்டுவேன். பதினோரு குட்டியில ஏழு போச்சு. நீ பிறந்தப்ப உன் பேருக்கு ஒரு பெண் ஒட்டகத்தை விட்டோமே, அந்த வம்சத்துக் குட்டியும் போச்சும்மா. தாய் அந்த இடத்தை விட்டு மூணு நாள் நகரலை, நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அதுகிட்டதான் பேசினேன், வேற யாரு இருக்கா.

நாற்பது நாள் கழிச்சு, பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் ஆறினதும், ஊர்ப் பெரியவங்க மந்தையோட ஊத்துக்கு வரச் சொன்னாங்க. ஊத்துல வேற எந்த மந்தைக்கும் அம்மை வரலை. நான் போனதும் எல்லாரும் அவங்கவங்க ஒட்டகத்தை ஒதுக்கி ஓட்டிக்கிட்டாங்க, யாரும் முகம் பார்க்கலை. நான் அவங்களைத் தப்பு சொல்லலை, எல்லார்கிட்டயும் குட்டி இருக்கே. நீளமான தொட்டி முழுக்க எங்களுக்கு மட்டும். நம்ம ஒட்டகங்க அவசரமில்லாம குடிச்சுதுங்க.

நீ போற இடமெல்லாம் மழையும் சமாதானமும் உன் கூட வரட்டும், உன் கை பட்டதெல்லாம் பெருகட்டும். போன் பண்ணினா சட்டுனு வச்சுடாதேம்மா, சேதி இல்லாட்டியும் பரவாயில்லை, ஏதாவது பேசிக்கிட்டே இரு.

உன் அப்பா,
வாரியோ எலேமா
கலாச்சா